கேள்வி கேட்டவர் துக்கம் கேட்கப் போனார்

தலைவர் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது குழாய்க்காரர் ஒரு பல் டாக்டர் வீட்டுச் சமையலறையில், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். தலை உள்ளே, கால் வெளியே. இரண்டு கையிலும் வேலை இருந்ததால் ரப்பர் வாஷரைப் பல்லில் கடித்து வைத்திருந்தார். கூடத்தில் ஓடிக்கொண்டிருந்த டிவியில் பாட்டு சட்டென்று நின்று செய்தி வாசிக்கிறவரின் குரல் கேட்டது. டாக்டரின் மனைவி "ஐயோ!" என்றார்.

குழாய்க்காரர் எழுந்திருக்கப் பார்த்தார். தொட்டியின் அடிப்பாகம் நெற்றியில் ணங்கென்று இடித்தது. வாஷர் தொண்டைக்குள் போகாமல் தப்பித்தது பல் டாக்டர் வீட்டு அதிர்ஷ்டம்.

"அண்ணே, அடி பலமா?"

"அடி கெடக்கட்டும்மா. டிவில என்ன சொன்னான்?"

"தலைவர் போயிட்டாராம். விடியற்காலைல, தூக்கத்துலயே."

குழாய்க்காரர் மறுபடியும் படுத்தார். வாஷரைப் பொருத்தினார். நட்டை முறுக்கினார். குழாயைத் திறந்து தண்ணீரை ஓடவிட்டு, இணைப்புக்குக் கீழே உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ஈரம் இல்லை. எழுந்து கையைக் கழுவித் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு வேலை எதுவும் மிச்சம் இல்லாததால், சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

டாக்டரின் மனைவி பயந்துபோய்ப் பக்கத்தில் வந்தார். "உங்களுக்கு ரொம்ப வேண்டியவரா?"

குழாய்க்காரர் யோசித்துப் பதில் சொன்னார். "வேண்டாதவரும்மா. நாப்பத்தோரு வருஷமா."

அது உண்மைதான். அந்தத் தலைவரின் கட்சிக்கு அவர் ஒருமுறைகூட ஓட்டுப் போட்டதில்லை. அது ஊருக்கும் தெரியும், தலைவருக்கும் தெரியும்.

நாற்பத்தோரு வருடங்களுக்கு முன் அவருக்கு இருபத்தாறு வயது. கல்யாணமாகி எட்டு மாதம். நகரத்தின் மேட்டுப் பக்கத்தில், ஒரு தெருவின் கோடியில், மாடியில் ஓர் அறையில் குடியிருந்தார்கள். தெரு நீளத்துக்கும் தண்ணீர்க் குழாய் பதித்து, வீட்டுக்கு வீடு பித்தளைத் திருகு வைத்து, திறப்பு விழாவும் முடிந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. திருகைத் திறந்தால் காற்று வந்தது. சில நாட்களில் விசில் சத்தமும் வந்தது. தண்ணீர் மட்டும் வரவில்லை. புருஷன் குழாய் வேலை செய்கிறவன், பெண்டாட்டி குடத்தைத் தூக்கிக்கொண்டு கீழே போகிறாள் என்று தெருவே சிரித்தது.

அந்தச் சமயம் தேர்தல் வந்தது. தெருமுனையில் கூட்டம். பேச வந்தவரை அப்போது யாரும் தலைவர் என்று கூப்பிடவில்லை. முப்பத்தைந்து வயதுக்காரர், ஒல்லி. இரவல் வாங்கியதுபோல் தொளதொளவென்று ஒரு சட்டை. குரல் மட்டும் கணீரென்று இருந்தது. "தண்ணீரைப் போலத் தெளிவான நிர்வாகத்தைத் தருவோம்" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் நாலாவது வரிசையில் ஒரு விரல் எழுந்தது.

"ஒரே ஒரு கேள்விங்க. நீங்க சொன்ன அந்தத் தண்ணி எங்க தெருவுக்கு எப்ப வரும்?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஓரமாக நின்ற தொண்டர் ஒருவர் பாய்ந்து வந்து சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். இழுத்த வேகத்தில் காலர் தனியாகக் கையோடு வந்துவிட்டது. தொண்டருக்கே என்ன செய்வதென்று தெரியவில்லை. காலரைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார்.

"விடுப்பா அவர" என்றார் மேடையில் இருந்தவர். "தம்பி, நல்ல கேள்வி. எனக்குப் பதில் தெரியல. தெரிஞ்சுக்கிட்டு உங்க வீட்டுக்கே வந்து சொல்றேன்."

கைதட்டல் காதைப் பிளந்தது. குழாய்க்காரர் மட்டும் தட்டவில்லை. மைக்கைப் பிடித்தவன் எதை வேண்டுமானாலும் சொல்வான் என்பது அவர் எண்ணம்.

ஆனால் பத்தொன்பதாம் நாள் அந்த மனிதர் வந்தார். 'கூட்டத்துல கேள்வி கேட்டாரே, காலர் போனவர்' என்று விசாரித்து விசாரித்து, மாடிப்படி ஏறி வந்தார். வீட்டில் மனைவி மட்டும் இருந்தாள். பதற்றத்தில் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஒரு கால் குட்டையான முக்காலியை எடுத்துப் போட்டுவிட்டாள். வந்தவர் முகம் சுளிக்காமல், விழுந்துவிடாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி, அரைமணி நேரம் அதில் உட்கார்ந்திருந்தார். டீயையும் அப்படியே சாய்ந்தபடி குடித்தார்.

குழாய்க்காரர் வேலை முடிந்து வந்ததும் அந்த மனிதர், "பம்புக்குப் பலம் போதலையாம் தம்பி, இஞ்சினியர் சொன்னாரு" என்றார்.

"பம்பு இல்லீங்க. கீழேர்ந்து நாலு இன்ச் குழாய் வருது. எங்க தெரு முனைல ரெண்டு இன்ச்சா சுருக்கிட்டாங்க. வாட்டமும் சரியில்ல, நடுவுல ஒரு எடத்துல குழாய் பள்ளத்துல எறங்கி ஏறுது. அங்க காத்து அடைச்சுக்கும்."

சொன்னதோடு விடாமல், டம்ளரில் இருந்த தண்ணீரைத் தொட்டுத் தரையில் படம் போட்டுக் காட்டினார். வந்தவர் முக்காலியை விட்டு இறங்கிக் குந்தி உட்கார்ந்து பார்த்தார்.

"இத இஞ்சினியர் சொல்லலியே?"

"இஞ்சினியர் படுத்துப் பாக்கலீங்க."

அந்த மனிதர் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு கீழ்வீட்டுக்குக் கேட்டது. பதினாலு மாதம் கழித்துத் தெருவுக்குத் தண்ணீர் வந்தது.

குழாய்க்காரர் மனைவிக்குத் தண்ணீர் வரும்வரை காத்திருக்கப் பொறுமையில்லை. ஆடுகிற முக்காலியில் வந்தவர் குறை சொல்லாமல் உட்கார்ந்திருந்தாரே, அன்றைக்கே அவள் அந்தக் கட்சி. செய்தித்தாளில் வந்த படத்தை வெட்டிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினாள். புருஷன் மசியவில்லை. "ஒரு குழாய்க்கு ஓட்டக் குடுத்துட்டா, நாளைக்குச் சாக்கடைக்கு எதக் குடுக்கறது?" என்று கேட்டுவிட்டு, அடுத்த கூட்டத்தில் சாக்கடையைப் பற்றிக் கேட்டார்.

அப்படியே பழகிவிட்டது. அந்தத் தலைவர் நகரத்தில் எங்கே பேசினாலும் குழாய்க்காரர் நாலாவது வரிசையில் இருப்பார். பக்கத்தில் அவர் மனைவி. பேச்சு பாதியில் இருக்கும்போது விரல் எழும். "ஒரே ஒரு கேள்விங்க." மனைவி பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பாள். அவர் இன்னும் நிமிர்ந்து நிற்பார். இதனால் அவருடைய சட்டைகள் எல்லாமே முதுகுப் பக்கம் இரண்டு விரல் நீளம் கூடுதலாகத் தொங்கின. ஊர் அவருக்கு 'ஒரே கேள்வி' என்றே பெயர் வைத்துவிட்டது. பெண் கொடுத்த சம்பந்தி வீட்டில்கூட 'ஒரே கேள்வி வந்திருக்காரு, காப்பி போடு' என்றுதான் சொல்வார்கள்.

தலைவர் நகரத் தலைவரானார், அமைச்சரானார், மேடை பெரிதானது, விளக்குகள் கூடின. கேள்விகளும் வளர்ந்தன: பள்ளிக்கூடக் கழிப்பறைக்குக் கதவு எங்கே, ஆஸ்பத்திரித் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி எங்கே, மூடி வந்ததே, அது ஏன் சின்னதாக வந்தது. தெரிந்தால் தலைவர் பதில் சொல்வார். தெரியாவிட்டால் தெரியாது என்பார். தப்பாகச் சொல்லி மாட்டிக்கொண்டதும் உண்டு. அடுத்த கூட்டத்தில், "போன தடவ தம்பிகிட்ட ஒரு தப்பான தகவல் சொல்லிட்டேன்" என்று ஆரம்பித்துத்தான் மற்றதைப் பேசுவார்.

ஒருமுறை தேர்தலில் படுதோல்வி. பெரிய மைதானத்தில் இருபது இருபத்தைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "எங்க நம்ம ஒரே கேள்வி? வந்திருக்காரா?" என்றார். குழாய்க்காரர் ஜுரத்தோடு எழுந்து நின்றார்.

"நீங்க ஏன் தோத்தீங்க?"

தலைவர் வேறு எதையும் பேசவில்லை. அந்த ஒரு கேள்விக்கே ஒரு மணி நேரம் பதில் சொன்னார். அவர் வாழ்க்கையிலேயே சிறந்த பேச்சு அதுதான் என்பாள் மனைவி. "பாதிதான் உண்மை" என்பார் குழாய்க்காரர். "ஆனா அந்தப் பாதியையே வேற எவனும் சொல்ல மாட்டான்."

இன்னொரு கூட்டமும் உண்டு. தலைவரின் மனைவி இறந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. தலைவர் ஏதோ எழுதிவைத்து வாசித்துக்கொண்டிருந்தார். குழாய்க்காரர் எழுந்தார். இன்றைக்குமா என்று கூட்டம் முகம் சுளித்தது. மனைவி சட்டையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்.

"இன்னைக்குக் கேள்வி இல்லீங்க" என்றார் அவர். "சாப்பிட்டீங்களா?"

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். மேசைமேல் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தார். மைக்கில் அந்தத் தண்ணீர் இறங்குகிற சத்தம்கூடக் கேட்டது. "சாப்பிட்டேன் தம்பி" என்றார்.

இத்தனைக்கும் நடுவில் அந்த இரண்டு பேரும் தனியாக உட்கார்ந்து பேசிக்கொண்டது அந்த முக்காலி நாளன்று மட்டும்தான்.

பல் டாக்டர் வீட்டிலிருந்து குழாய்க்காரர் நேராக வீட்டுக்கு வந்தார். மனைவி தேய்ப்புப்பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட்டு, பாதி தேய்த்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டு, சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுது முடித்திருந்தாள், மூக்கு சிவந்திருந்தது. தானாகவே அவர் சமையலறைக்குள் போய் டீ போட்டார். நாற்பத்தோரு வருடத்தில் சர்க்கரை எந்த டப்பாவில் இருக்கிறது என்று அவர் தெரிந்துகொள்ளவில்லை. உப்பைப் போட்டுக் கொண்டுவந்தார். ஒரு வாய் குடித்ததும் மனைவி அவரைப் பார்த்தாள்.

"இதுல என்ன போட்டீங்க?"

"ஏன், தூக்கலா இருக்கா?"

துக்கத்தையும் மீறி அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "நாளைக்குக் காலைல நகர மண்டபத்துல வெக்கறாங்களாம். போகணும்."

"நீ போயிட்டு வா."

"நீங்க?"

"நான் எதுக்கு? நான் அவங்க ஆளு இல்ல. இத்தனை வருஷம் எதிர்ல நின்னுட்டு, இன்னைக்குப் போய் மூக்க உறிஞ்சினா நாலு பேரு சிரிப்பான்."

"சிரிக்கட்டுமே. அவரு உங்களப் பாத்து எத்தனை தடவ சிரிச்சிருக்காரு?"

"சரி, உன்னைக் கொண்டுபோய் விடறேன். வெளியவே நிக்கறேன்" என்றார். எல்லாக் கூட்டத்துக்கும் கிளம்பும்போது அவர் சொல்கிற வசனம் அது.

சாயங்காலம் மகள் போன் செய்தாள். அவளுக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. "அப்பா, வரிசை பஸ் டிப்போ வரைக்கும் போகுமாம். மாத்திரை, தண்ணி, மடக்கு நாற்காலி எல்லாம் எடுத்துக்கங்க. நான் நல்லாத்தான் நிப்பேன்னு எங்கிட்ட சொல்லாதீங்க. உங்க முட்டிய உள்ள வரைக்கும் பாத்தவ நான்."

மறுநாள் எட்டு மணிக்கெல்லாம் வரிசை நிஜமாகவே பஸ் டிப்போவைத் தொட்டிருந்தது. மண்டப வாசலில் தொடங்கி, தபால் நிலையத்தைச் சுற்றி, பூங்கா வேலி ஓரமாக வளைந்து வளைந்து வந்தது. எங்கே பார்த்தாலும் நரைத்த தலை. கைத்தடி, முட்டிக்குப் போடுகிற உறை, காதுக்குள் மெஷின். ஒவ்வொரு தடவை வரிசை நகரும்போதும் நூறு மடக்கு நாற்காலிகள் சடசடவென்று மடங்கி, ஆறடி நகர்ந்து, மறுபடியும் சடசடவென்று விரிந்தன. துக்கத்துக்கு வந்தவர்கள்தான். ஆனால் பாதிப் பேர் ஒருவரையொருவர் பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது. "நீ இன்னும் இருக்கியா?" என்று ஒரு பெரியவர் இன்னொருவரைக் கட்டிக்கொண்டார். "இருக்கேன், நேத்துத்தான் நானே செக் பண்ணிக்கிட்டேன்" என்றார் மற்றவர். பின்னால் நின்ற ஓய்வுபெற்ற கண்டக்டர், தலைவர் ஒருகாலத்தில் தன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்ததையும், உட்காரச் சொன்னதற்கு, 'நீ நிக்கறியே' என்று கேட்டதையும் மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும் ஆட்கள் புதிதாகக் கேட்பதுபோல் கேட்டார்கள்.

தபால் நிலையம் தாண்டும்போது, வரிசையை ஒழுங்கு செய்துகொண்டிருந்த ஒரு ஆஜானுபாகுவான கிழவர், நெஞ்சில் கறுப்புப் பட்டையோடு நொண்டி நொண்டி வந்தார். குழாய்க்காரருக்கு முன்னால் நின்று அவரை உற்றுப் பார்த்தார்.

"நீங்க ஒரே கேள்விதானே?"

"ஆமா. நான் சும்மா இவளை விடத்தான் வந்தேன்."

"என்னைத் தெரியலையா? உங்க காலரு..."

குழாய்க்காரர் அவர் முகத்தை விட்டுவிட்டு வலது கையைப் பார்த்தார். "இந்தக் கையா?"

"இதே கைதாங்க. இப்ப முழங்கை மடங்க மாட்டேங்குது."

"பலமான இழுப்பு அது. சட்டை கல்யாணச் சட்டை."

தொண்டர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். "அன்னைக்குக் கூட்டம் முடிஞ்சதும் எனக்கு நல்ல திட்டு. திட்டி முடிச்சிட்டு, 'இனிமே நம்ம கூட்டம் எங்க நடந்தாலும் அந்தத் தம்பிக்கு நாலாவது வரிசைல எடம் இருக்கணும், அது உன் பொறுப்பு'ன்னாரு. அன்னைலேர்ந்து நான்தான் போட்டுட்டு வர்றேன்."

"எதை?"

"எடத்தத்தாங்க. ரெண்டு நாற்காலி. உங்களுக்கு ஒண்ணு, வீட்டம்மாவுக்கு ஒண்ணு."

எவ்வளவு தாமதமாகப் போனாலும், எவ்வளவு பெரிய கூட்டமானாலும் நாலாவது வரிசையில் இரண்டு நாற்காலி காலியாக இருக்கும். குழாய்க்காரர் அதைத் தன் ராசி என்றே நினைத்திருந்தார். வெளியிலும் அப்படித்தான் பெருமை அடித்துக்கொண்டிருந்தார். மனைவி பக்கம் திரும்பினார்.

"உனக்குத் தெரியுமா இது?"

"தெரியாம? ரெண்டு நாற்காலி மேலயும் பேப்பர மடிச்சு வெச்சிருப்பாரே. நீங்கதான் அத எடுத்து விசிறிக்குவீங்க."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீங்க பத்தாவது வரிசைல போய் உக்காருவீங்க. அங்கேர்ந்து உங்க சட்டைய இழுத்து என்ன புண்ணியம்?"

தொண்டர் மனைவியின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். அவர்களை முன்னால் கூட்டிப்போகிறேன் என்றார். குழாய்க்காரர் ஒப்பவில்லை. வரிசையில் நின்றே போகலாம் என்று சொல்லிவிட்டார். மண்டபத்துக்குள் நுழையும்போது மணி ஒன்று. வெளியே நிற்பதாகச் சொன்னது அவருக்கே மறந்துபோயிருந்தது.

உள்ளே ஒருவருக்கு மூன்று விநாடி. பார்க்க வேண்டும், நகர வேண்டும். தலைவர் முகம் சின்னதாகத் தெரிந்தது. கண்ணாடி போட்டுவிட்டிருந்தார்கள். மனைவி கைகூப்பிவிட்டு நகர்ந்தாள். குழாய்க்காரர் நின்றார். மூன்று விநாடி ஆனது. பத்து விநாடி ஆனது. அவருடைய வலதுகை தானாகக் கொஞ்சம் மேலே வந்து, ஆள்காட்டி விரல் பாதி நீண்டு, அப்புறம் மடங்கியது. புதிதாக வேலைக்கு வந்த காவலர் "நகருங்க ஐயா" என்றார். பின்னால் நின்ற கண்டக்டர், "அவரு நிக்கட்டும் சார். அவருக்கு உரிமை இருக்கு" என்றார். அவருக்குப் பின்னால் இருந்தவர்களும் ஒன்றும் சொல்லாமல் காத்திருந்தார்கள்.

வெளியே படிக்கட்டுக்கு வந்ததும் குழாய்க்காரர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அவருடைய அப்பா செத்தபோதுகூட அவர் இப்படி அழுது மனைவி பார்த்ததில்லை.

"என்னங்க, என்ன ஆச்சு?"

"இனிமே என்னைத் தம்பின்னு கூப்பிட ஒருத்தரும் இல்ல."

"உங்களுக்கு அறுபத்தேழு வயசாச்சு."

"அதான் சொல்றேன். எல்லாரும் அண்ணேங்கறான், பெரியவரேங்கறான், நேத்து ஒருத்தன் தாத்தாங்கறான். தம்பின்னு கூப்பிட அவரு ஒருத்தர்தான் பாக்கி இருந்தாரு."

பையைத் திருப்பிக் கொடுக்கப் பின்னாலேயே வந்திருந்த தொண்டர் இதைக் கேட்டார். அவருக்கு எழுபத்துநாலு. தொண்டையைச் செருமிக்கொண்டு, மடங்காத கையால் குழாய்க்காரர் தோளைத் தட்டினார்.

"தம்பி, கொஞ்சம் ஓரமா வா. வழில நிக்காத."

குழாய்க்காரர் திரும்பிப் பார்த்தார். மூன்று பேரும் அந்தப் படியிலேயே சிரிக்க ஆரம்பித்தார்கள். மண்டபத்திலிருந்து அழுதுகொண்டு வெளியே வந்தவர்கள் இவர்களை ஒருமாதிரி பார்த்துக்கொண்டு இறங்கிப் போனார்கள்.

பதினைந்து நாள் கழித்து மைதானத்தில் இரங்கல் கூட்டம். எல்லாக் கட்சிக்காரர்களும் வந்திருந்தார்கள். நாலாவது வரிசையில், மடித்த பேப்பரோடு, இரண்டு நாற்காலிகள் காத்திருந்தன. இந்தத் தடவை குழாய்க்காரர் பேப்பரை எடுத்துப் பத்திரமாக மடியில் வைத்துக்கொண்டார்.

மேடையில் ஒருவர் பின் ஒருவராகப் புகழ்ந்தார்கள். தலைவர் பேசாத பேச்செல்லாம் பேசினதாகச் சொன்னார்கள். குழாய்க்காரர் இரண்டு தடவை கொட்டாவி விட்டார். சுற்றிலும் இருந்தவர்கள் அவரையே பார்த்தார்கள். எப்போது எழுந்திருப்பார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் அசையவில்லை.

"ஏதாவது கேளுங்களேன்" என்றாள் மனைவி. அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை.

"யாரக் கேக்கறது?" என்றார் அவர்.

கடைசியாகக் கட்சியின் செயலாளர் மைக்குக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும், நல்ல மனிதர்தான், ஆனால் எல்லாவற்றையும் ஃபைலைப் பார்த்துப் பேசுகிறவர். தலைவருக்கு இதே மைதானத்தின் நடுவில் இருபதடி உயரத்தில் சிலை வைக்கப்போவதாகவும், சுற்றிலும் புல்தரை போட்டுக் கம்பிவேலி கட்டப்போவதாகவும் அறிவித்தார். கைதட்டல் எழுந்தது. அது அடங்குகிற நேரத்தில் நாலாவது வரிசையில் யாரோ எழுந்து நின்றார்கள்.

குழாய்க்காரர் இல்லை. அவருடைய மனைவி.

தோளில் கைப்பை, கையில் கண்ணீர் துடைத்த கைக்குட்டை. நாற்பத்தோரு வருடமாக எந்தக் கூட்டத்திலும் வாயைத் திறக்காதவள். குரல் நடுங்கியது, ஆனால் மேடைவரை கேட்டது.

"சார், மைதானத்துக்கு நடுவுல சிலைய வெச்சுச் சுத்தி வேலி போட்டுட்டா, நாங்க எங்க உக்காந்து உங்களக் கேள்வி கேக்கறது?"

குழாய்க்காரர் பதறிப்போய் அவள் கைப்பையின் வாரைப் பிடித்து இழுத்தார். "ஏய், உக்காரு. என்ன செய்யற நீ?"

"நீங்க சும்மா இருங்க."

செயலாளர் ஃபைலைப் புரட்டினார். அதில் இதற்குப் பதில் இல்லை. "அம்மா, மக்கள் கேள்விகள இப்ப ஆன்லைன்லயே அனுப்பலாம். அதுக்குன்னு தனியா ஒரு..."

"அவரு எங்க வீட்டுக்கு நடந்து வந்தாரு சார். வந்து, ஒடஞ்ச முக்காலில உக்காந்து பதில் சொன்னாரு. அவருக்கு நீங்க இருபதடில சிலை வெச்சா, அண்ணாந்து பாத்துக் கழுத்துதான் வலிக்கும். எங்களுக்கு அவர ஆளு ஒசரத்துல பாத்துத்தான் பழக்கம்."

ஓரத்திலிருந்து ஒரு கைதட்டல் கேட்டது. தொண்டர்தான். முழங்கை மடங்காததால் ஒரு கையால் தொடையில் தட்டிக்கொண்டிருந்தார். அடுத்துக் கண்டக்டர். பிறகு நரைத்த தலைகள் எல்லாம். மேடைமேல் இருந்த மாற்றுக் கட்சிக்காரர் ஒருவர் மைக்கின் பக்கம் சாய்ந்து, "அந்தம்மா சொல்றது நியாயம்" என்றார். செயலாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, குழு கூடிப் பேசி முடிவு செய்யும் என்றார். பேசுகிறபோது முதன்முறையாக ஃபைலைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

வீட்டுக்குத் திரும்பும்போது குழாய்க்காரர் இரண்டடி முன்னால் நடந்தார்.

"கோவமா?" என்றாள்.

"கோவம் இல்ல. கேள்விய ரெண்டா பிரிச்சிருக்கணும் நீ. மொதல்ல எடம், அப்புறம் ஒசரம். ஒண்ணாக் கேட்டா அவன் தப்பிச்சிருப்பான்."

"தப்பிக்கலியே."

"தப்பிக்கல" என்று ஒப்புக்கொண்டார். பத்தடி நடந்த பிறகு, "முக்காலி ஒடையல. ஒரு கால்தான் குட்டை" என்றார்.

குழு ஐந்து தடவை கூடியது. நான்கு தடவை சண்டை போட்டுக்கொண்டு கலைந்தது. ஐந்தாவது கூட்டத்துக்குக் குழாய்க்காரர் மனைவியையும் கூப்பிட்டிருந்தார்கள். கடைசியில் மைதானம் மைதானமாகவே தப்பித்தது. நூலகச் சுவரை ஒட்டி, ஆள் உயரத்தில் சிலை வந்தது. பக்கத்தில் குடிதண்ணீர்க் குழாய்கள் நாலு வைத்தார்கள். அந்த வேலைக்கு வந்த ஆட்கள் பாடு திண்டாட்டம்தான்; ஒரு பெரியவர் தினமும் காலையில் வந்து பக்கத்தில் படுத்து வாட்டம் பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்த மாதத்திலிருந்து செயலாளர் மைதானத்தில் மாதம் ஒரு கூட்டம் போட ஆரம்பித்தார். குழாய்க்காரர் மனைவி ஒரு சின்ன நோட்டில் கேள்விகளை எழுதிக்கொண்டு போகிறாள். அவர் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போகிறார். "நீங்க கேக்கலையா?" என்று யாராவது கேட்டால், "வீட்டுக்கு ஒரு ஆள் போதும்" என்கிறார். ஆனாலும் மாதத்துக்கு ஒன்று அவரும் கேட்டுவிடுகிறார்.

சிலை திறந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, இரண்டு பேரும் போய்ப் பார்த்தார்கள். வெயில் இதமாக இருந்தது. மனைவி முன்னால் நின்று பார்த்தாள். பக்கவாட்டில் போய்ப் பார்த்தாள்.

"மூக்கு இப்படியா இருக்கும்?" என்றாள்.

குழாய்க்காரரும் பக்கவாட்டில் போய்ப் பார்த்தார். "இல்ல. இவ்ளோ கூர்மை கெடையாது."

"காதும் சின்னது."

"காது அவருக்கு நல்லா பெருசு" என்றார் குழாய்க்காரர். "எனக்குத் தெரியாதா?"

இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்து, கொண்டுபோயிருந்த ஆரஞ்சுப் பழத்தை உரித்துச் சாப்பிட்டார்கள். சிலையைச் செய்தவரைப் பார்த்துச் சொல்லியாக வேண்டும் என்று அவள் சொன்னாள். அந்தச் சிற்பியின் பட்டறை எங்கே இருக்கிறது என்று நூலகத்தில் விசாரிக்கக் குழாய்க்காரர் எழுந்து போனார்.